அடியாத நாயும் படியும்!

கிளி ஜோசியம் பார்த்தவர்களில் கிளியைப் பார்த்தவர்கள் குறைவு. சீட்டில் வந்தது முருகனா, சனீஸ்வரனா என்பதில்தான் நமக்குக் கவலை. நினைவைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். கூண்டுக் கதவு தூக்கப்படுகிறது. கிளி நடந்து வருகிறது. அடுக்கிய சீட்டுகளை ஒவ்வொன்றாக அலகால் இழுத்துத் தள்ளுகிறது. ஒன்றை மட்டும் கவ்வி ஜோசியரிடம் கொடுக்கிறது. கொடுத்த கணத்தில் அவர் விரல் நுனியில் ஒரு நெல்மணி காத்திருக்கிறது. உமியை நீக்கித் தின்றுவிட்டு, யாரும் விரட்டாமலே கூண்டுக்குள் போய்விடுகிறது. ஒரு சீட்டு, ஒரு நெல். கடன் கிடையாது, அதட்டலும் கிடையாது.

அதே தெருவில் குரங்காட்டியும் வருவார். ‘ஆடுறா ராமா’ என்றால் ராமன் ஆடும், குட்டிக்கரணம் போடும், மாமனார் வீட்டுக்குப் போவது போல நடந்து காட்டும். அதன் கண் மட்டும் அவர் கையிலிருக்கும் குச்சியை விட்டு நகராது.

இரண்டுக்குமே இன்று சட்டத்தில் இடமில்லை. பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். குரங்கை வித்தைக்குப் பழக்குவதற்கும் தடை உண்டு. கிளிக்கு நெல் கொடுத்த அதே கைதான் அதன் இறக்கையையும் கத்தரித்தது என்பதால், அந்தக் காலத்தை நினைத்து நான் உருகப் போவதில்லை. ஆனால் ஒரு பிராணிக்கு வேலை கற்றுக்கொடுக்க இரண்டு வழிகள் உண்டு என்பதை நம் தெருவே நமக்குக் காட்டியிருக்கிறது. வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்ததும் நாம் எடுத்துக்கொண்டது குரங்காட்டியின் வழியை. கேட்டால் பழமொழி தயாராக இருக்கும்: அடியாத மாடு படியாது.

குட்டி கூடத்தில் மூத்திரம் பெய்துவிட்டால் அதன் மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்ப்பது, செய்தித்தாளைச் சுருட்டி அடிப்பது, செருப்பைக் கடித்ததற்கு அதே செருப்பால் சாத்துவது. இதெல்லாம் படித்த வீடுகளிலும் நடக்கிறது. அடித்தவர்கள் கொடுமைக்காரர்கள் அல்ல. வேறு வழி உண்டென்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். எனக்கும் யாரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டு நாட்டு நாய் செவலைக்கு ஆறு மாதம் ஆனபோது பழக்குவதற்கு ஒருவரை வரவழைத்தோம். கழுத்தை இறுக்கும் சங்கிலியோடு வந்தார். அரை மணி நேரத்தில் செவலை ‘உட்கார்’ என்றதும் உட்கார்ந்தாள். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் அவருடைய பைக் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். அவரை நிறுத்தப் பத்து நாள் ஆனது எனக்கு. அந்தப் பத்து நாளுக்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

மாவு மில்லின் மாடியில் ஒரு புறா

கிளி ஜோசியருக்குத் தெரிந்த தொழிலை ஆராய்ச்சிக்கூடத்தில் எழுதி வைத்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர். இரண்டாம் உலகப் போரின்போது புறாக்களைக் கொண்டு குண்டுகளை இலக்கு நோக்கித் திருப்ப முடியுமா என்று அவருடைய குழு சோதித்துக்கொண்டிருந்தது. இடம், மினியாபொலிஸ் நகரத்தில் ஒரு மாவு மில்லின் மேல்மாடி. ஆண்டு 1943. அரசாங்கத்திடமிருந்து பதில் வரக் காணோம், கையில் புறா இருக்கிறது, பொழுது போகவில்லை. ஒரு புறாவுக்குப் பந்து உருட்டக் கற்றுக்கொடுப்போமே என்று உட்கார்ந்தார்கள்.

புறா தானாகப் பந்தைத் தட்டட்டும், தட்டியதும் தானியம் தரலாம் என்று காத்திருந்தார்கள். அது தட்டுவதாக இல்லை. அலுத்துப்போய் வழியை மாற்றினார்கள். பந்தைப் பார்த்தாலே தானியம். பிறகு அருகில் போனால் தானியம். பிறகு அலகு பட்டால். சில நிமிடங்களில் அந்தப் புறா பெட்டியின் சுவர்களில் மோதித் திரும்பும்படி பந்தை விளாசிக்கொண்டிருந்தது. முழு வேலை முடியும்வரை காத்திருக்காதே, வேலையின் திசையில் வைக்கும் முதல் அடிக்கே கூலி கொடு என்ற பாடம் அன்று கிடைத்தது. புறா ஓட்டும் குண்டு கடைசிவரை போருக்குப் போகவில்லை. மாடியில் கிடைத்த பாடம்தான் தங்கியது.

அந்தத் திட்டத்தில் வேலை பார்த்த கெல்லர் பிரெலண்ட், மரியன் பிரெலண்ட் தம்பதி படிப்பை நடுவில் விட்டுவிட்டு, பிராணிகளைப் பழக்குவதையே தொழிலாக்கினார்கள். ஆர்க்கன்சா மாநிலத்தில் ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊரில் அவர்களுடைய கோழிகள் பியானோ வாசித்தன. 1960களில் ஹவாயின் சீ லைஃப் பார்க்கில் பயிற்சியாளர் கேரன் பிரையர் டால்பின்களைப் பழக்க வேண்டியிருந்தது. டால்பினுக்குக் கழுத்துச் சங்கிலி போட முடியாது. கோபித்துக்கொண்டால் நீந்திப் போய்விடும். அவரிடம் இருந்தது ஒரு விசிலும் ஒரு வாளி மீனும் மட்டுமே. அதுவே போதுமானதாக இருந்தது. பின்னாளில் 1984இல் வந்த அவருடைய ‘டோன்ட் ஷூட் த டாக்’ புத்தகம் இந்த முறையை வீட்டு நாய்கள் வரைக்கும் கொண்டு வந்தது.

விசில் எதற்கு? டால்பின் தண்ணீருக்கு மேலே துள்ளும் உச்சியில் அதன் வாயில் மீனைப் போட முடியாது. திரும்பி வந்து மீனை வாங்கும்போது எதற்காகக் கிடைத்தது என்பது அதற்குத் தெரியாது. துள்ளிய நொடியில் விசில் ஊதினால், ‘இதற்குத்தான் கூலி, மீன் பின்னால் வருகிறது’ என்று பொருள். நாய் பழக்குபவர்கள் கையில் வைத்திருக்கும் கிளிக்கர் என்ற சின்னப் பெட்டி செய்வதும் இதே வேலையைத்தான். அதை வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ‘ட்டக்’ என்று சொடுக்கினால் போதும். ‘சபாஷ்’ என்ற ஒரே சொல்லும் போதும். எது என்றாலும் ஒன்றையே வைத்துக்கொள்ள வேண்டும், சத்தத்துக்குப் பின்னால் தீனி தவறாமல் வர வேண்டும்.

நாய் உட்காருகிறது. நீங்கள் டப்பாவைத் தேடித் திறந்து, தீனியை எடுத்து நீட்டுவதற்குள் அது எழுந்துவிடுகிறது. இப்போது நீங்கள் கூலி கொடுத்தது எழுந்ததற்கு. ‘எங்க நாய்க்குப் புத்தியே இல்ல சார்’ என்று புலம்பும் பல வீடுகளில் தாமதமாக இருப்பது நாயின் புத்தி அல்ல, எஜமானின் கை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வீட்டில் எல்லாரும் தமிழ் பேசுவார்கள், நாயிடம் மட்டும் இங்கிலீஷ். ‘சிட்’, ‘ஸ்டே’, ‘கம்’. பாட்டி மட்டும் ‘போடா அங்கிட்டு’ என்பார். நாயும் அவருக்குத்தான் முதலில் கீழ்ப்படியும், ஏனென்றால் பாட்டி சொல்லும் தொனி ஒருநாளும் மாறுவதில்லை. 2016இல் ஹங்கேரி நாட்டு ஆய்வாளர்கள் 13 நாய்களை ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, அவற்றின் மூளையைப் பார்த்தார்கள். பாராட்டுச் சொல்லும் பாராட்டும் தொனியும் சேர்ந்து வந்தபோதுதான் மூளையில் மகிழ்ச்சிக்குரிய பகுதி விழித்துக்கொண்டது. வெறும் சொல்லுக்கும் வெறும் கொஞ்சலுக்கும் அது மசியவில்லை. ஆகவே தாராளமாகத் தமிழிலேயே பேசுங்கள். மனதாரப் பேசுங்கள்.

கூலியா, லஞ்சமா?

தீனி கொடுத்துப் பழக்கினால் அது லஞ்சம் ஆகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். லஞ்சம் வேலைக்கு முன்னால் நீட்டப்படுவது. கூலி வேலைக்குப் பின்னால் வருவது. கையில் கோழித்துண்டைக் காட்டி ‘வா வா’ என்று அழைத்தால் லஞ்சம். நாய் வந்து சேர்ந்த பிறகு எங்கிருந்தோ ஒரு துண்டு முளைத்தால் கூலி. முதலாவதைப் பழகிய நாய் வருவதற்கு முன்னால் உங்கள் கையைப் பார்க்கும். அலுவலகங்களில் இந்த வித்தியாசம் நமக்கு நன்றாகவே தெரியும்.

வேலை பழகிய பிறகு கூலியை ஒவ்வொரு முறையும் கொடுக்க வேண்டாம். சில முறை கொடுத்து, சில முறை பாராட்டோடு விட்டால் பழக்கம் இன்னும் இறுகும். ஸ்கின்னரும் அவருடைய சக ஆய்வாளர் ஃபெர்ஸ்டரும் 1957இல் பெரிய புத்தகமாகவே இதை எழுதினார்கள். எப்போது விழும் என்று தெரியாத பரிசுக்காக மனிதனும் விடாமல் சுரண்டுவான். தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியைத் தடை செய்ய வேண்டி வந்ததே அதனால்தானே. சாப்பாட்டு மேசையடியில் நின்று கெஞ்சும் நாயை உருவாக்குவதும் இதே விதிதான். வீட்டில் எல்லாரும் கண்டிப்பாக இருப்பார்கள். தாத்தா மட்டும் என்றைக்காவது ஒருநாள், யாரும் பார்க்காதபோது, தோசை விளிம்பைப் பிய்த்துக் கீழே போடுவார். அந்த ஒரு விளிம்பு ஒரு மாதக் கண்டிப்பைத் தின்றுவிடும். தாத்தாவை மாற்ற முடியாது என்றால், சாப்பாட்டு நேரத்தில் நாய்க்கு வேறு மூலையில் வேறு வேலை கொடுப்பது நல்லது.

தீனி என்றால் கடையில் விற்கும் விலையேறிய பிஸ்கட்டுதான் என்று நினைக்க வேண்டாம். உப்பில்லாமல் வேகவைத்த கோழி, ஈரல், முட்டை, ஒரு துண்டு கேரட், எல்லாம் பட்டாணி அளவுக்கு. அன்றைய சாப்பாட்டில் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். திராட்சை, சாக்லேட், வெங்காயம் மூன்றும் நாய்க்கு நஞ்சு. எல்லா நாய்க்கும் தீனிதான் கூலி என்றும் இல்லை. சிலதுக்குப் பந்து, சிலதுக்குக் கதவைத் திறந்து வெளியே விடுவது. எது கூலி என்று தீர்மானிப்பது வாங்குகிறவர்.

ஓநாய்க் கதை

‘நாய் ஓநாய் வம்சம், அதுக்குக் கூட்டத் தலைவன் நான்தான்னு காட்டணும், மல்லாக்கத் தள்ளி அமுக்கணும்’ என்பது பழக்குபவர்களில் ஒரு சாராரின் வேதம். அதன் வேர் 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் எழுதிய கட்டுரை. அவர் பார்த்தது அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களை. 1970இல் ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் எழுதிய புத்தகம் அந்தக் கருத்தை உலகெங்கும் பரப்பியது. பிறகு மெக்கே கனடாவின் எல்ஸ்மியர் தீவில் பல கோடைகள் காட்டு ஓநாய்களோடு கழித்தார். அங்கே அவர் கண்டது தலைவனும் அடிமைகளும் அல்ல. அப்பா, அம்மா, பிள்ளைகள். 1999இல் அதைக் கட்டுரையாகவே எழுதினார். தன் பழைய புத்தகத்தை இனி அச்சிடவேண்டாம் என்று பதிப்பாளரைக் கேட்டுக்கொண்டார். தான் எழுதியதைத் தானே திரும்பப் பெற நினைத்த ஆய்வாளருக்கு ஒரு வணக்கம். நம்மூர் அமுக்கல் நிபுணர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

அடித்தால் படியாதா? படியும். அதை மறுப்பது பொய். ஆனால் என்ன விலைக்கு? போர்ச்சுகல் நாட்டில் போர்டோ பல்கலைக்கழகக் குழுவினர் 92 நாய்களை எடுத்துக்கொண்டார்கள். 42 நாய்கள் பரிசு கொடுத்துப் பழக்கும் பள்ளிகளைச் சேர்ந்தவை. 50 நாய்கள் அதட்டலும் சங்கிலி இழுப்பும் கலந்த பள்ளிகளைச் சேர்ந்தவை. 2020இல் முடிவு வெளியானது. தண்டனைப் பள்ளி நாய்கள் பயிற்சியில் அதிகமாக உதட்டை நக்கின, கொட்டாவி விட்டன, உடலைக் குறுக்கின. பயிற்சிக்குப் பின் எச்சிலில் மன அழுத்த ஹார்மோன் கூடியிருந்தது. வேறொரு அறையில் இன்னொரு சோதனையும் வைத்தார்கள். ஒரு பக்கக் கிண்ணத்தில் எப்போதும் தீனி, மறுபக்கத்தில் எப்போதும் வெறுமை என்று பழக்கிவிட்டு, நடுவில் ஒரு கிண்ணத்தை வைத்தார்கள். கடுமையாகத் தண்டிக்கப்பட்டு வந்த நாய்கள் அதை நோக்கித் தயங்கித் தயங்கி நடந்தன. எதுவும் இருக்காது என்ற எண்ணம். யாரும் அடிக்காத அறையிலும் அந்த எண்ணம் கூடவே வந்திருக்கிறது.

இதைவிட ஆபத்தான விலை ஒன்று உண்டு. நாய் உறுமுவது மிரட்டல் அல்ல, அறிவிப்பு. ‘கிட்டே வராதே, எனக்குப் பயமாக இருக்கிறது’ என்பதை அதற்குத் தெரிந்த மொழியில் சொல்கிறது. உறுமும்போதெல்லாம் அடித்தால் பயம் போகாது, அறிவிப்புதான் போகும். பிறகு ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் கடிக்கும். ‘சாதுவா இருந்துச்சே, திடீர்னு என்ன ஆச்சுன்னே தெரியல’ என்பார்கள். 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் குதறிய பிறகு, எந்த இனத்தைத் தடை செய்யலாம் என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. அந்த நாய்கள் எப்படி வளர்க்கப்பட்டன என்பது எனக்குத் தெரியாது. அதனால் அவற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் வாய்க்கூடு மாட்டும் அவசியத்தைப் பற்றிப் பேசியவர்களில் அதை எப்படி மாட்டுவது என்று சொன்னவர்கள் சிலரே. வாய்க்கூட்டுக்குள் கோழித்துண்டை வைத்து, நாயே மூக்கை நுழைக்கும்வரை பொறுத்திருந்து, ஒரு வாரத்தில் வாரை மாட்டினால் அது நாய்க்குச் சட்டையைப் போல. நான்கு பேர் பிடித்து அமுக்கி மாட்டினால், பூங்காவுக்கு நீங்கள் கூட்டிப்போவது ஏற்கெனவே மிரண்டிருக்கும் ஒரு நாயை.

பரிசு முறை என்றால் அவிழ்த்து விடுவது என்று பொருளல்ல. கயிறு வேண்டும், கேட் வேண்டும், தடுப்பூசி வேண்டும். குட்டியை எட்டு வாரத்துக்கு முன் விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. நம் சந்தையிலோ முப்பது நாள் குட்டி பிளாஸ்டிக் கூடையில் வந்துவிடுகிறது. தாயிடமும் கூடப் பிறந்ததுகளிடமும் கடிக்கும் அளவைக் கற்றுக்கொள்ள வேண்டிய வாரங்கள் அவை.

வேலை இல்லாத நாய்

நம்மூரில் நாய்ப் பிரச்சினை என்று வருவதில் பாதி, வேலையில்லாப் பிரச்சினை. செருப்பைக் கிழிக்கிறது, செடியைத் தோண்டுகிறது, காக்காய் பறந்தாலும் குரைக்கிறது. பகலெல்லாம் மொட்டைமாடியில் இரண்டு முழச் சங்கிலியில் கிடக்கும் ஒரு உயிர் வேறு என்ன செய்யும்? 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில், எப்போதும் கட்டியே போட்டிருக்கும் நாயை நடமாட விடாத உரிமையாளரும் குற்றவாளி என்று ஒரு வாசகம் இருக்கிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு டீ, ஒரு வடைக்கு நாயின் ஒரு நாள்.

எந்த வேலை கொடுப்பது? அதற்குப் பிரெலண்ட் தம்பதியிடம் திரும்புவோம். நாணயத்தை உண்டியலில் போட ஒரு ராக்கூனைப் பழக்கினார்கள். முதலில் ஒழுங்காகப் போட்டது. இரண்டு நாணயம் கொடுத்ததும் உண்டியலை மறந்து, இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டது. இரையைத் தண்ணீரில் கழுவித் தேய்ப்பது ராக்கூனின் பிறவிக்குணம். பன்றிகளோ மரத்தாலான நாணயத்தை வழியெல்லாம் மூக்கால் கிளறி உருட்டின. கூலி கொடுத்தாலும் பிறவிக்குணத்தை வாங்க முடியாது என்று 1961இல் அவர்களே ஒப்புக்கொண்டு எழுதினார்கள். தங்கள் தொழிலின் தோல்வியைத் தாங்களே பதிவு செய்த அந்தக் கட்டுரைதான் அவர்கள் செய்ததில் எனக்குப் பிடித்தது.

இதை நம்மூர் நாய்களோடு பொருத்திப் பாருங்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டப் பிறந்தவை. கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஏதாவது ஓடினால் அவற்றின் கால் தானாகக் கிளம்பும். ராஜபாளையம் காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் வளர்ந்த இனம்; 2005இல் அஞ்சல்தலையில் வந்த பெருமை அதற்கு உண்டு. இவற்றை இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் வைத்துக்கொண்டு ‘அமைதியா இரு’ என்றால் அது கட்டளையே அல்ல. ஓட வேண்டியதற்கு ஓட ஒரு விளையாட்டு கொடுக்க வேண்டும்: நீளக் கழியில் கயிறு கட்டி, நுனியில் துணி முடிந்து, சுழற்றித் துரத்த விடுவது. ராஜபாளையத்தில் சில குட்டிகள் காது கேளாமல் பிறக்கும். அவற்றுக்கு அதட்டலும் பயன்படாது, ‘சபாஷ்’ஷும் பயன்படாது. உயர்த்திக் காட்டும் கட்டைவிரல் பயன்படும். அதற்குப் பின்னால் தீனி வருமென்றால் கண்ணை உங்களிடமிருந்து எடுக்கவே எடுக்காது.

மூக்குக்கு வேலை கொடுப்பது எல்லாவற்றிலும் எளிது. காலையில் நடக்கக் கூட்டிப்போகும்போது கம்பத்துக்குக் கம்பம் நின்று மோப்பம் பிடிப்பதைக் கண்டு கயிற்றை இழுக்காதீர்கள். அதற்கு அது அன்றைய தினசரி. நமக்கு முன்னால் யார் வந்தார், எந்த மனநிலையில் போனார் என்று அத்தனையும் அதில் இருக்கிறது. வெயில் ஏறுவதற்கு முன் போய்விடுங்கள், தார்ச்சாலை பாதத்தைச் சுடும்.

வீட்டுக்குள் என்ன செய்யலாம் என்பதற்கு எங்கள் கண்டுபிடிப்பு ஒன்று. பழைய இட்லித் தட்டின் குழிகளில் செவலையின் சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒவ்வொரு குழியின் மேலும் ஒரு டென்னிஸ் பந்து. பந்தை நகர்த்தினால்தான் சாப்பாடு. முதல் நாள் செவலை தட்டையே கவிழ்த்தாள். இரண்டாம் நாளும். ஐந்தாம் நாள் ஒவ்வொரு பந்தாக மூக்கால் தள்ளிவிட்டுச் சாப்பிட்டாள். அன்று மதியம் அவள் தூங்கிய தூக்கத்தைப் பார்க்க வேண்டுமே! அதற்கப்புறம் செருப்புக் கணக்கு குறைந்தது. பழைய துண்டில் தீனியைச் சுருட்டி வைப்பது, அட்டைப்பெட்டியில் காகிதத்துக்கு அடியில் ஒளித்து வைப்பது என்று வீட்டுக்கு வீடு யோசனை பெருகும்.

பூனை வளர்ப்பவர்கள் இதுவரை பொறுமையாகப் படித்திருப்பீர்கள். ‘பூனையைப் பழக்க முடியாது’ என்பது பூனைகள் பரப்பிய வதந்தி. உளவியலாளர் தார்ண்டைக் 1898இல் புதிர்ப் பெட்டிக்குள் விட்டுப் பார்த்தவற்றில் முக்கியமானவை பூனைகள். தாழ்ப்பாளைத் திறந்தால் வெளியே சாப்பாடு என்று அவை கற்றுக்கொண்டதிலிருந்துதான் இந்தத் துறையே வளர்ந்தது. டாக்டரிடம் போகும் கூடையை அன்று மட்டும் பரணிலிருந்து இறக்கினால் பூனை பரணுக்கு ஏறும். அதையே ஆண்டு முழுவதும் கூடத்தில் திறந்து போட்டு, அவ்வப்போது ஒரு மீன் துண்டை உள்ளே வைத்தால், ஊசி போடும் நாளில் யாருக்கும் கீறல் விழாது.

கடைசியாக, தீபாவளி. வெடிச் சத்தத்துக்கு நடுங்கும் நாயைக் கட்டிக்கொண்டால் பயம் வளரும் என்பது தவறான நம்பிக்கை. பயம் ஒரு செயல் அல்ல, அதற்குப் பரிசு கொடுத்து வளர்க்க முடியாது. அன்று பக்கத்தில் உட்காருங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், மின்விசிறியை முழு வேகத்தில் விடுங்கள். ஆனால் உண்மையான வேலை இரண்டு மாதத்துக்கு முன்னால் தொடங்க வேண்டும். கைபேசியில் வெடிச் சத்தத்தை, காதில் விழுந்தும் விழாத அளவில் வைத்து, ஒவ்வொரு ‘டப்’புக்கும் ஒரு துண்டு ஈரல். நாய் தலையைத் தூக்கி உங்கள் கையைப் பார்த்தால் சரியான பாதையில் போகிறீர்கள். காதை மடக்கினால் சத்தம் கூடிவிட்டது, குறையுங்கள். அவசரப்பட்டுக் கூட்டினால் எல்லாம் முதலிலிருந்து. அப்படியும் அடங்காத பயத்துக்குக் கால்நடை மருத்துவரிடம் மருந்து உண்டு. கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

இன்று இரவு உங்கள் நாய்க்குத் தட்டு வைப்பதற்கு முன், அதிலிருந்து பத்துத் துண்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். வாசலில் யாரோ போகும்போது குரைக்காமல் இருந்தால் ஒன்று. கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தால் ஒன்று. சும்மா காலடியில் படுத்திருந்தாலும் ஒன்று. படுக்கப் போகும்போது பையில் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது.